முதலில் முறையிட்டவர்கள் யார்?

கிழக்கிலங்கையின் அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததை ஊடகத்தில் வேலை செய்பவர்கள் ஒருமுறையாவது வரிசைப்படி எடுத்துப் பார்க்க வேண்டும். முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. வாடிக்கையாளர் ஒருவரின் கறியில் வெள்ளையாக ஒரு கட்டி. அது கருத்தடை மாத்திரை என்று அவர் சத்தம் போடுகிறார், ஆட்கள் கூடுகிறார்கள். காசு மேசையில் இருந்தவருக்குத் தமிழ்தான் தாய்மொழி, சிங்களம் அரைகுறை. "போட்டாய்தானே?" என்று சிங்களத்தில் அதட்டிக் கேட்கிறார்கள். மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ, அடிக்குப் பயந்தாரோ, "ஓம், போட்டதுதான்" என்ற பொருள்பட ஏதோ சொல்கிறார். அதைக் கைபேசியில் பிடித்து பேஸ்புக்கில் ஏற்றிவிட்டார்கள். அன்றிரவே கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன.

அந்தக் கட்டியை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்தது. சரியாகக் கரையாத மாவு. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தரப்பிலும் சொன்னார்கள். ஆனால் அறிக்கை வருவதற்குள் கண்டி மாவட்டத்தில் தீ பரவிவிட்டது.

மத சுதந்திரத்தையும் தீவிரவாதத் தடுப்பையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பாதுகாப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் சுதந்திரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பார்கள். இலங்கையின் கடந்த பதினைந்து ஆண்டுகளைப் பார்த்தால் இந்தக் கணக்கு தவறு என்று தெரியும். பெரிய வன்முறை ஒவ்வொன்றுக்கும் முன்னால் சிறிய மத உரிமை மீறல்கள் வரிசையாக நடந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்கள் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார்கள். சொன்னது வேறு மொழியில் இருந்தது, அல்லது சொன்னவர்கள் பெரிய ஆட்கள் இல்லை. அதனால் செய்தியும் ஆகவில்லை, நடவடிக்கையும் ஆகவில்லை.

அம்பாறைக் காணொளிக்கே திரும்புவோம். அந்த இரவு அது ஒரு செய்தி மேசைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

வட்ஸ்அப்பில் கைமாறி வந்த பிரதியை வைத்து வேலை செய்ய முடியாது. அதில் எடுத்த நேரமும் இருக்காது, இடமும் இருக்காது. அனுப்பியவரிடம் "உங்களுக்கு யார் அனுப்பினார்" என்று கேட்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். அதிக நீளமான பிரதியைத் தேட வேண்டும். இப்படிப்பட்ட காணொளிகளில் வெட்டப்படுவது பெரும்பாலும் தொடக்கம்தான், ஏனென்றால் கேள்வி அங்கேதான் இருக்கும். கேள்வியைக் கேட்காமல் பதிலை மட்டும் கேட்டால் எந்த மனிதரையும் குற்றவாளியாக்கலாம். அடுத்து, இரண்டு மொழியும் வீட்டு மொழிபோலத் தெரிந்த ஒருவர் கேள்வியையும் பதிலையும் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். சாரம் எழுதக் கூடாது. "ஒப்புக்கொண்டார்" என்ற ஒரு சொல்லைச் செய்தியாளர் தன் கையால் சேர்த்துவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

பிறகு தொலைபேசி. முதல் அழைப்பு பொலிஸுக்குப் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மகப்பேற்று மருத்துவருக்கோ அரச மருந்தாளருக்கோ போக வேண்டும் என்பது என் கருத்து. "இப்படி ஒரு மருந்து உண்டா?" ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும், அந்தப் பதிலோடு பாதிக் கதை விழுந்துவிடும். அதன்பின் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி, கடைக்காரர், பள்ளிவாசல் நிர்வாகம், பக்கத்து விகாரை.

கடைசியாக, வெளியிடுவதா இல்லையா என்ற முடிவு. வதந்தி இரண்டு மூன்று வட்ஸ்அப் குழுமங்களோடு நிற்கிறது என்றால் அதை மறுத்து எழுதுவதே அதை ஊருக்கு அறிமுகம் செய்வதாகிவிடும். அப்போது பேசாமல் கோப்பில் வைத்துக்கொண்டு, பொலிஸுக்கும் இரு தரப்பு மதத் தலைவர்களுக்கும் தெரியப்படுத்தினால் போதும். ஊரே பேசத் தொடங்கிவிட்டது என்றால் உடனே எழுத வேண்டும், உண்மையைத் தலைப்பிலேயே வைக்க வேண்டும். "கறியில் கருத்தடை மாத்திரையா?" என்று கேள்விக்குறி போட்ட தலைப்பு பொறுப்பானது என்று சிலர் நம்புகிறார்கள். வாசகருக்கு மனதில் நிற்பது கறியும் மாத்திரையும்தான், கேள்விக்குறி நிற்பதில்லை. "அப்படியொரு மாத்திரையே இல்லை: மருத்துவர்கள்" என்று தொடங்கி, வதந்தியை ஒரே வரியில் சொல்லி, மறுபடி உண்மைக்கு வந்துவிட வேண்டும். அந்தக் காணொளியின் காட்சியைப் படமாகப் போடவே கூடாது, மேலே சிவப்புக் கோடு கிழித்தும்கூட.

வதந்திகளுக்கு எண்கள் பிடிக்கும். அம்பாறைச் சம்பவத்துக்கு முன்பே, முஸ்லிம் மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் 23,000 கருத்தடை மாத்திரைகளைப் பொலிஸ் கைப்பற்றியதாக பேஸ்புக்கில் ஒரு பொய் சுற்றிக்கொண்டிருந்தது. 2019 மே மாதம், ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளிதழ் முதற்பக்கத்தில் போட்டது. உடனே குருநாகல் வைத்தியசாலை மருத்துவர் ஒருவர் கைதானார். பிரசவ அறுவைச் சிகிச்சை அறையில் மருத்துவர் தனியாக நிற்பதில்லை. மயக்க மருந்து நிபுணர் இருப்பார், தாதியர் இருப்பார்கள், உதவியாளர்கள் இருப்பார்கள். நான்காயிரம் முறை இத்தனை பேரின் கண்முன்னால் ஒரு குற்றம் நடந்து யாருக்கும் தெரியவில்லையா என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்தது. எண்ணைத் தந்தவர் யார், எப்படி எண்ணினார் என்று அந்த மேசையில் ஒருவர் கேட்டிருந்தாலே போதும். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. அந்த மருத்துவர் வேலைக்குத் திரும்ப மூன்று ஆண்டளவு ஆயிற்று. வந்த நிலுவைச் சம்பளத்தை, 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டில், நோயாளிகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். இந்தச் செய்தி முதற்பக்கப் பொய் போய்ச் சேர்ந்த அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்து கண்டி மாவட்டத்தின் திகன. இங்கே பிழை வேறு மாதிரி. 2018 பெப்ரவரி 22 அன்று அதற்குப் பக்கத்துத் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை நான்கு முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினார்கள். அவர் மார்ச் 3 அன்று வைத்தியசாலையில் இறந்தார். அடுத்த நாள் கலவரம் தொடங்கியது. இடையில் ஒன்பது நாள். தாக்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் அதற்குள் கைதாகியிருந்தார்கள், ஆனால் தெருவில் பேசப்பட்டது அதுவல்ல, "ஒன்றும் செய்யவில்லை, காப்பாற்றுகிறார்கள்" என்பதுதான். கைது நடந்த செய்தியை, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை, நாள் தவறாமல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருப்பது அலுப்பான வேலை. ஆனால் "நீதி கிடைக்காது, நாமே பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சின் வேரில் கை வைக்கும் வேலையும் அதுதான். இறந்தவரின் உடல் எப்போது, எந்த வழியாக வரும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். இப்படிப்பட்ட இறுதி ஊர்வலம் இந்த மண்ணில் எவ்வளவு ஆபத்தான நேரம் என்பது எந்தப் பொலிஸ் அதிகாரிக்கும் தெரியாததல்ல.

மார்ச் 6 அன்று அவசரகாலநிலை, 7 அன்று பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் முடக்கம். பேஸ்புக் திரும்ப வந்தது 15ஆம் திகதி. முடக்கத்தை நான் முற்றாக மறுக்கவில்லை, ஒரு கும்பல் அடுத்த ஊரில் கூடும் இடத்தை அறிவித்துக்கொண்டிருக்கும்போது சில மணி நேரத் துண்டிப்பு உயிரைக் காக்கலாம். ஆனால் ஒரு வாரம் என்பது வேறு. கலவரக்காரர்கள் முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். வெளியே நிற்பது, பள்ளிவாசல் எரிகிறதா என்று பக்கத்து ஊர் உறவினரிடம் கேட்க வழியில்லாத தாய்தான். வதந்தியை மறுப்பவர்களின் வாயும் அதே பூட்டுக்குள்.

அதற்கு முன்னால் முறைப்பாடுகள் இல்லாமலா இருந்தன? முஸ்லிம்களைக் கொல்லச் சொல்லும் சிங்களப் பதிவுகளை எங்கள் ஆட்கள் ஆண்டுக்கணக்கில் பேஸ்புக்குக்கு முறையிட்டார்கள். சமூக விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது, ஏனென்றால் சிங்களம் வாசிக்கக்கூடிய ஆட்கள் அங்கே போதவில்லை. 2020 மே மாதத்தில்தான் அந்த நிறுவனம் தன் தளம் அந்தக் கலவரத்தில் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது.

இப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடி. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தலைவன் சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடிக்காரன். அவனால் முதலில் அடிபட்டவர்கள் கிறிஸ்தவர்களும் அல்ல, பௌத்தர்களும் அல்ல. அதே ஊரின் சூபி வழி (ஞான வழி) முஸ்லிம்கள். காத்தான்குடியில் சூபிகளின் வீடுகளும் பள்ளிகளும் 2004இலும் 2006இலுமே தாக்கப்பட்டிருந்தன. 2006இல் ஒரு சூபித் தலைவர் இறந்தபோது அவரை ஊரில் அடக்கம் செய்ததை எதிர்த்து எதிர்ப்பாளர்கள் கலவரம் செய்தார்கள். 2017 மார்ச் 10 அன்று அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் வாளோடு வந்து சூபிகளோடு மோதினார்கள். அதன்பிறகே அவன் தலைமறைவானான். சூபிகள் பொலிஸிடம் போனார்கள், வீதியில் நின்றார்கள், அவனைப் பிடியுங்கள் என்று கேட்டார்கள். நாடு அதை "முஸ்லிம்களின் உட்சண்டை" என்று கடந்துபோனது. தமிழ் ஊடகமும் அப்படித்தான் கடந்துபோனது. இதை நாம் நம்மிடமே சொல்லிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவனது உரைகள் தமிழில் இருந்தன. கொழும்பு அதிகாரிக்குப் புரியவில்லை என்பது ஒரு காரணமாகலாம். நமக்கு அந்தக் காரணமும் இல்லை.

அந்த உரைகளின் போக்கை வைத்தே எச்சரிக்கை அடையாளத்தைச் சொல்லலாம். ஒரு மௌலவி தர்கா வழிபாடு தவறு, கந்தூரி தவறு, அது மார்க்கத்தில் இல்லை என்று எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் அது அவரது உரிமை. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் தரும் சுதந்திரம் அதற்கும் உண்டு. அதைத் தீவிரவாதம் என்று எழுதுகிற செய்தியாளர் நூறு பேரை வீணாகப் பகைத்துக்கொள்கிறார், உண்மையான ஒருவனைத் தவறவிடுகிறார். பேச்சு "அவர்கள் செய்வது பிழை" என்பதிலிருந்து "அவர்கள் முஸ்லிம்களே இல்லை" என்பதற்கும், அங்கிருந்து "அவர்களை என்ன செய்தாலும் குற்றமில்லை" என்பதற்கும் நகர்கிறதா என்று கேட்க வேண்டும். கூடவே, ஊரில் யாருடைய ஜனாஸாவை (இறுதி அடக்கத்தை) தடுக்கிறார்கள், யாருடைய கூட்டத்துக்குத் தடியோடு போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நூறு உரை கேட்பதைவிட ஒரு அடக்கத்தடை அதிகம் சொல்லும். பௌத்தத் தீவிரவாதிகளிடமும் இதே அளவுகோல்தான். 2014 ஜூன் 15 அன்று அளுத்கமவில் பொதுபல சேனா என்ற பௌத்த அமைப்பின் கூட்டத்துக்குப் பிறகு உயிர்கள் போயின. அதற்கு முந்திய ஆண்டுகளில் தம்புள்ளைப் பள்ளிவாசல், ஹலால் சின்னம், கிராமங்களில் சிறிய சுவிசேஷ சபைகளின் ஜெபக்கூடங்கள் என்று எல்லாமே தனித்தனிச் சின்னச் சம்பவங்களாகப் பதிவாகிக்கொண்டிருந்தன. ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஜெபக்கூடத்தின் கூரைக்குக் கல் விழும் செய்தியை நாலு வரியில் போட்டு மறந்துவிடாமல் திகதி, இடம், வந்தவர்கள் யார், பொலிஸ் முறைப்பாட்டை ஏற்றதா என்று ஒரு அட்டவணையில் ஏற்றுகிற மாவட்டச் செய்தியாளர், உளவுத்துறை செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறார் என்றே சொல்வேன்.

தகவல் எங்கிருந்து வரும் என்பதற்கும் சாட்சி உண்டு. குண்டுவெடிப்புக்கு ஐந்து நாளின் பின் சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பம் ஒளிந்திருந்த வாடகை வீடு பிடிபட்டதற்குக் காரணம், புதியவர்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொன்ன அவ்வூர் முஸ்லிம் மக்கள். மாவனல்லையில் 2018 டிசம்பரில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்ட விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் தன் வீட்டிலேயே தலையில் சுடப்பட்டார், உயிர் தப்பினார். அப்படிப்பட்ட ஒருவரின் ஊர், தொழில், உறவு என்று துண்டு துண்டாக நாம் எழுதும் அடையாளங்கள் சேர்ந்தால் அவர் வீட்டு வாசலுக்கே வழி காட்டும். பெயரை மட்டும் மறைத்தால் போதாது. சிறிய ஊரில் "பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ள ஆசிரியர் ஒருவர்" என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன செய்தது? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாரபட்சத்துக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை. பிணை மேல் நீதிமன்றத்தில் மட்டும், அதுவும் விதிவிலக்காக. சிறுபான்மையினரைக் காக்க வந்த ஏற்பாடு இது. 2019 மே மாதம் ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடுத்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று பொலிஸ் எடுத்துக்கொண்டது. சுக்கானில் ஆரக்கால்கள் வட்டத்துக்கு வெளியே கைப்பிடியாக நீண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிறுபிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். அவர் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் பேஸ்புக்கில் எழுதி வந்த ஒருவர், பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போர் செய்ய வேண்டும் என்ற பொருளில் ஜிஹாத் என்ற சொல்லைப் போட்டதற்காக ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. மன்னார்ப் பக்கத்து இளங்கவிஞர் ஒருவர் தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்தார். வன்முறைக்கு எதிரான வரிகளும் அந்தத் தொகுப்பில் இருந்தன. தமிழ் தெரியாதவர்கள் தீவிரவாதம் என்று முடிவு கட்டினார்கள். வழக்கிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில்.

எந்தப் பேச்சு தூண்டுதல் என்று எடைபோட ஐக்கிய நாடுகளின் ரபாத் செயற்றிட்டம் 2012இல் ஆறு கேள்விகளைத் தந்தது: சூழல் என்ன, பேசியவர் யார், நோக்கம் என்ன, உள்ளடக்கமும் வடிவமும் எப்படி, எவ்வளவு பேரைச் சென்றடைகிறது, உடனே தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு. பேனாவும் விசைப்பலகையும் என்று எழுதியவரை இதில் வைத்துப் பாருங்கள். பின்னால் கும்பல் இல்லை, குறிவைத்த இடம் இல்லை, கேட்டதே எழுதச் சொல்லித்தான். இனி 2018 மார்ச்சில் திகன கடைத்தெருவில் நடந்தபடி, இங்கே சிங்களவர் கடைகள் எத்தனை குறைவு பாருங்கள், இந்த ஊர் முஸ்லிம்களுடையதாகிவிட்டது என்று பேசிய, மஹாசோன் பலகாய என்ற சிங்களத் தீவிர அமைப்பின் தலைவரின் காணொளியை வையுங்கள். அதில் கொல்லு என்ற சொல் தேவைப்படவில்லை. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது, பேசியவருக்கு ஆட்கள் இருந்தார்கள், கடைகள் காட்டப்பட்டன. ஆறு கேள்வியிலும் கனம் இருக்கிறது. செய்தி ஆசிரியருக்கும் இந்த ஆறு உதவும். யாருடைய பேச்சை அப்படியே ஒலிபரப்பலாம், யாருடையதைச் சுருக்கிச் சூழலோடு சொல்ல வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவு செய்யலாம்.

அரசே மத உரிமையை மீறும்போது ஊடகம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் கோவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலையும் எரித்தார்கள். நிலத்தடி நீர் பழுதாகும் என்ற வாதத்தைப் பல ஊடகங்கள் ஒரு நீரியல் நிபுணரைக்கூடக் கேட்காமல் திருப்பிச் சொன்னன. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அந்த ஓராண்டில் பொரளை மயான வாயிலில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள், சிங்களவரும் வந்து கட்டினார்கள். இப்படிப்பட்ட காயத்தைக் காட்டித்தான் தீவிரவாதி ஆள் சேர்ப்பான். அந்த வெள்ளைத் துணியைப் படம் பிடித்துப் போட்டவர்கள் அவன் கையிலிருந்த ஆயுதம் ஒன்றைப் பறித்தார்கள்.

கடைசியாக, காசு அதிகம் வேண்டாத ஒரு ஏற்பாடு. 2019 மே 12 அன்று சிலாபத்தில், பேஸ்புக் வாக்குவாதத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதினார்: அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழுவீர்கள். குண்டுவெடிப்பு நடந்து மூன்று வாரம். அடுத்த தாக்குதலுக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்று அது சிங்களத்தில் பரவியது. அன்றும் மறுநாளும் சிலாபத்திலிருந்து குளியாப்பிட்டி, மினுவாங்கொடை என்று கடைகளும் பள்ளிவாசல்களும் நொறுங்கின, ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தமிழ் பேசும் ஒருவர் காதில் அந்த வரி எப்படி விழும்? "சிரிக்கிறவன் ஒருநாள் அழுவான்" என்று நம் வீட்டில் சண்டையில் சொல்வதுதானே. இதைச் சிங்கள மேசைக்குச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.

ஒவ்வொரு தமிழ்ச் செய்தி மேசையும் ஒரு சிங்கள மேசையோடு சோடி சேரட்டும். இரு பக்கமும் இரண்டு பேர், ஒரு தொலைபேசி எண், இரவு பதினொரு மணிக்கும் எடுக்க வேண்டும். சர்ச்சைக்குரிய வரி வந்தால் மூலத்தையே அனுப்ப வேண்டும், மொழிபெயர்ப்பை அல்ல. பதிலில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: சொல்லுக்குச் சொல் பொருள், இந்த ஊரில் அது சாதாரணமாக எப்போது சொல்லப்படும், மிரட்டலாக எடுக்க இடமுண்டா. இருபது நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னும், பௌத்தரின் முழுநிலாப் போயா நாளுக்கு முந்திய மாலையும், இறுதி ஊர்வலம் உள்ள நாளிலும் அந்த எண் கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.